பாதியில் உருவிய ஃப்ளாப்பி

கூடலூர்,
4.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சண்முகராஜ் எழுதிக்கொண்டது. என் நம்பரை நீ அடைத்துவிட்டாய் என்று மச்சான் சொன்னார். அவர் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். வெறும் கடிதம் போட்டால் கிழித்துப் போடுவாய். அதனால்தான் இதை ஃப்ளாப்பிப் பெட்டிக்குள் மடித்து வைத்து பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். ஃப்ளாப்பியைத் தூக்கி எறிய உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். நீ போட்டுக்கொடுத்த சிங்க டிசைன் இருக்கிற ஃப்ளாப்பியை எம்பிராய்டரி மிஷின் படிக்க மாட்டேன் என்கிறது. நேற்றுக் காலையில் ஒரே ஒரு தடவை படித்தது. படித்துவிட்டுத் தைத்ததைப் பார்த்தால் முகத்தில் பாதிதான் சிங்கம். மீதி, அதே ஃப்ளாப்பியில் இருந்த மாங்காய்ப் பூ. அப்புறம் ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணி ஓட்டையாகிவிட்டது. அடியில் நூல் கூடு கட்டினதுபோலச் சுற்றிக்கொண்டது. மிஷினின் பன்னிரண்டு தையல் ஹெட்டிலும் இதே கதைதான். மிஷின் ஓட்டும் சங்கிலியம்மாள் மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் பிளேடை வைத்து வெட்டி வெட்டி எடுத்தாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா. கம்ப்யூட்டரில் போட்டேன், எடுத்தேன், மிஷினில் போட்டேன். அவ்வளவுதான். இத்தனை வருஷமாக நீ செய்ததும் அதுதானே?

பிப்ரவரியில் நடந்ததை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய். அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் ஜாக்கெட் டிசைன் எங்கே என்று சத்தம் போட்டபோது, "எங்க அக்காவுக்குத்தான் கம்ப்யூட்டர் சரியா வரல" என்று சொன்னேன். தப்புதான். ஆனால் வாடிக்கைக்காரர் முன்னால் வேறு எதைச் சொல்வது? அதற்காக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்து திருப்பூர்க்காரனுக்கு டிசைன் பஞ்சிங் போட வேண்டுமா? தம்பி யூனிட் உன் யூனிட் இல்லையா?

முந்நூறு பேட்ச் ஆர்டர். நம் ஊர் இளைஞர் மன்றத்துக்கு. சீக்கிரம் சரிபண்ணி அடுத்த பஸ்ஸில் கொடுத்துவிடு. உன் மருமகன் மதன் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பத்தாம் வகுப்புப் போய்விட்டான், மீசை அரும்பிவிட்டது.

இப்படிக்கு,
உன் தம்பி
சண்முகராஜ்


பழனிசெட்டிபட்டி,
7.6.2025

தம்பி சண்முகராஜுக்கு,

பெட்டி வந்தது. திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மிஷின் எண்ணெயும் வெற்றிலைச் சாறும் கலந்த ஒரு வாடை. ஃப்ளாப்பியின் தகட்டு மூடியில் உன் கட்டைவிரல் ரேகை, அதன்மேல் சால்னா காய்ந்து ஒட்டியிருக்கிறது. மூடியை நகர்த்தினால் உள்ளே கறுப்பு வட்டில் வெள்ளைப் பூஞ்சை. கூடலூர்ச் சாரலில் ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறாய். அரிசி டப்பாவில் போட்டு மூடி வை என்று நான் எழுதி ஒட்டியிருந்த காகிதம் என்ன ஆனது? இதை என் டிரைவுக்குள் விடவே அருவருப்பாக இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, பிறகுதான் தொட்டேன்.

நீ ஒன்றும் செய்யவில்லை என்கிறாய். செய்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு ஃப்ளாப்பியை மவுண்ட் செய்தாய். அதாவது, இந்த வட்டு இங்கே இருக்கிறது, இதைப் பொறுப்பில் எடுத்துக்கொள் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னாய். அதில் எதையோ எழுதினாய். நீ எழுதியதைக் கம்ப்யூட்டர் உடனே வட்டில் எழுதிவிடாது. கொஞ்சத்தைத் தன் நினைவில் வைத்துக்கொண்டு, அன்மவுண்ட் செய் என்று நீ சொல்லும்போதுதான் எழுதி முடிக்கும். நீ அதைச் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கி உருவிவிட்டாய். உருவிய கையோடு சிங்கத்தின் ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினாய். கம்ப்யூட்டருக்கு வட்டு மாறியது தெரியாது. பழைய வட்டுக்கு எழுத வேண்டிய மிச்சத்தை எல்லாம் சிங்கத்தின் தலையில் எழுதிவிட்டது. எந்த டிசைன் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பகுதி போய்விட்டது. அதனால்தான் மிஷின் பாதிச் சிங்கத்திலிருந்து மாங்காய்க்குத் தாவியது.

பிப்ரவரியில் அந்த ஜாக்கெட் டிசைன் போனதும் இப்படித்தான். உருவியது நீ. கம்ப்யூட்டர் வராதது எனக்கு. அந்தக் கல்யாணப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் இந்த வட்டை மவுண்ட் செய்யவே இல்லை. செய்தால் இன்னும் கெடும். மூலையில் இருக்கும் சின்னத் தடுப்பை நகர்த்தினால் ஒரு துளை தெரியும். துளை தெரிந்தால் யாரும் அதில் எழுத முடியாது. அப்படிப் பூட்டிவிட்டு, வட்டை அச்சு அசலாக ஒரு பிரதி எடுத்து, பிரதியைத்தான் தோண்டினேன். தையல் எல்லாம் அப்படியே கிடந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து சிங்கத்தை மீட்டுவிட்டேன். புது ஃப்ளாப்பியில் வைத்துப் பூட்டி அனுப்புகிறேன்.

மறுபடியும் சொல்கிறேன். எடுக்கும் முன் umount /mnt/floppy என்று அடி. அந்தச் சொல்லில் முதல் 'n' கிடையாது. அடித்த பிறகு டிரைவின் பச்சை விளக்கு அணையும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில். மதனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே, அவன் ஒரே நாளில் பிடித்துக்கொண்டானே, அவனிடம் கேள்.

அந்தச் சிங்கம் பாலர் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போட்டது. இளைஞர் மன்றத்துக்கு எதற்கு அது?

பவானி


கூடலூர்,
11.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கம் வந்தது. மிஷின் கண்ணை மூடிக்கொண்டு தைத்தது. நீ நீதான். திட்டினாலும் வேலையை முடித்துத்தான் திட்டுவாய்.

நேற்று ராக்கப்பன் சித்தப்பா யூனிட்டுக்கு வந்தார். இப்போது நம் சாதிச் சங்கத்தில் ஒன்றியப் பொறுப்பு அவருக்கு. பின்னால் நாலு பேர், இரண்டு பைக். தைத்த பேட்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏலே சம்முகம், சிங்கம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா சிரிக்குதே. பால்வாடிப் பிள்ளைகளுக்கா தைக்கிறே? நம்ம பசங்க சட்டையில சிரிக்கிற சிங்கத்தையா குத்தி அனுப்புறது?"

"பல்லு வச்சுக் குடுக்கச் சொல்றேன் சித்தப்பா. அக்கா போட்ருவாக."

"பல்லு மட்டும் பத்தாது. கீழ ரெண்டு வாளு. வாளுக்குக் கீழ நம்ம ஆளுக பேரு. ஓரத்துல நம்ம ரெண்டு கலரு. வகுப்புக்குள்ள நுழையும்போதே எவன் யாருன்னு தெரியணும்ல."

உன்னிடம் மறைப்பானேன், ஆர்டர் சங்கத்துடையதுதான். மன்றம் என்று சொன்னால் நீ ஒன்றும் கேட்க மாட்டாய் என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் சட்டைப் பையில் ஒட்டிக்கொள்ள. கையில் கட்டும் நம் கலர்க் கயிற்றைப் பள்ளிக்கூடத்தில் அவிழ்க்கச் சொல்கிறார்களாம், அதனால் இது. ஒரு அழகுக்குத்தான் அக்கா. யாரையும் அடிக்கவா போகிறார்கள்?

வாளும் எழுத்தும் இங்கேயே போட்டுப் பார்த்தோம். நீ பூட்டியிருந்த துளையைத் திறந்துதான் எழுத முடிந்தது. சேமித்துவிட்டு, நீ சொன்னபடியே umount அடித்தால், busy என்று வருகிறது. மறுபடி அடித்தால் மறுபடி busy. சித்தப்பா நின்றுகொண்டிருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு உருவிவிட்டேன். இப்போது சிங்கம் இருக்கிறது, வாள் ஒன்றுதான் இருக்கிறது, எழுத்தில் பாதி இல்லை.

அந்த ஃப்ளாப்பியைத் துடைத்துத்தான் அனுப்புகிறேன். முகர்ந்து பார்த்துக்கொள். சிங்கத்துக்குப் பல் வைத்து, இரண்டு வாளும் எழுத்தும் சேர்த்து, கலர் பிரித்துக் கொடுத்துவிடு. இந்த ஆர்டர் சரியாகப் போனால் வருஷா வருஷம் நமக்குத்தான்.

சங்கிலியம்மாள் இந்த வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறாள். என்ன என்று கேட்டால் தலைவலி என்கிறாள்.

உன் தம்பி
சண்முகராஜ்


பழனிசெட்டிபட்டி,
16.6.2025

சண்முகராஜ்,

சங்கிலியம்மாளுக்குத் தலைவலி இல்லை. அவள் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமியாரைத் தேனி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். வாசலில் செருப்போடு நின்றாள். உள்ளே வா என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். வந்தும் உட்காரவில்லை.

"அக்கா, அந்தச் சிங்கம் நீங்க போட்டதா?" என்று கேட்டாள்.

"நான்தான் போட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குன்னு போட்டது."

"சின்னப் பிள்ளைகளுக்குத் தைச்சப்ப நானும் ஆசையா ஒண்ணு வாங்கிட்டுப் போயி எம்மகளுக்குக் குடுத்தேன்க்கா. இப்ப மிச்ச நூலு வெட்டணும்னு ஒரு பை நெறைய வீட்டுக்குக் கொண்டாந்தேன். மடியில போட்டு வெட்டிக்கிட்டு இருக்கேன், ரித்திகா வந்தா. பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. 'ஏம்மா, இதையா நீ தைக்கிறே? சிங்கம் குத்திக்கிட்டு வரப்போறோம்னு சொல்றவய்ங்கதான் எங்கள முன் பெஞ்ச விட்டு எந்திரிச்சுப் பின்னால போகச் சொல்றாய்ங்க'ன்னா. எனக்குக் கை ஓடலக்கா."

உன்னிடம் வந்து கேட்டாளாமே. வேறு வேலை கொடுங்க, பாபினில் நூல் சுற்றுகிறேன், துணி மடிக்கிறேன், இது மட்டும் வேண்டாம் என்று. நீ சொன்ன பதிலையும் சொன்னாள். "மொதலாளி 'நூலு நூலுதான், துணி துணிதான், அதுல என்ன இருக்கு'ன்னு சொல்லிட்டாகக்கா." உன்னைக் குறை சொல்லும்போதுகூட அவள் 'சொல்லிட்டாக' என்றுதான் சொன்னாள்.

ஒன்பது வருஷமாக உன் மிஷினை ஓட்டுகிறவள். அவள் மகளை எழுப்பிவிடும் அடையாளத்தை அவள் கையாலேயே தைக்கவைத்து, பிசிறு வெட்டவும் அவள் வீட்டுக்கே கொடுத்தனுப்பியிருக்கிறாய். நினைக்க நினைக்கக் குமட்டுகிறது. நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து மீட்டது இதற்கா? பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பியைத் துடைத்த கையை அன்றைக்கே கழுவிவிட்டேன். இதை எதைப் போட்டுக் கழுவுவது?

பல்லும் வைக்க மாட்டேன், வாளும் வைக்க மாட்டேன். நீ அனுப்பிய ஃப்ளாப்பியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறேன். சிங்கத்தையும் நிறுத்து.

busy என்றால் என்ன என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், தெரியாமல் இன்னொரு வட்டைக் கெடுப்பாய். அந்த வட்டுக்குள் எதுவோ இன்னும் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். டிசைன் ஜன்னலை மூடு. கறுப்புத் திரையில் cd என்று அடித்து வட்டை விட்டு வெளியே வா. அதற்குப் பிறகு umount அடித்தால் மறுக்காது.

"போட்டுப் பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அந்தச் சாஃப்ட்வேரைத் திறக்கவே தெரியாது. கூட யார்?

பவானி


கூடலூர்,
18.6.2025

அக்காவுக்கு,

ஃப்ளாப்பி வந்து சேர்ந்தது. பிரிக்காமல் அனுப்பி என் மூஞ்சியில் அடித்துவிட்டாய்.

பெரிய நியாயம் பேசுகிறாய். நீ கட்டியிருப்பது நம் ஆளைத்தானே? ஜாதகம் பார்க்கும் முன்னால் எல்லோரும் அதைத்தானே பார்த்தார்கள், நீயும்தானே தலையாட்டினாய்? மச்சான் வீட்டுத் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்கட்டில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அது இன்னும் இருக்கிறதா? போன பொங்கலுக்கு வந்தபோதுகூட நான் பார்த்தேன். அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தது யார்? அதெல்லாம் உனக்குக் குமட்டவில்லை. தம்பி நாலு பேட்ச் தைத்தால் குமட்டுகிறது.

சங்கிலியம்மாள் வேலைக்கு வருவதில்லை. நீ ஏற்றிவிட்டு அனுப்பியிருக்கிறாய். கம்பத்திலிருந்து வேறு ஆள் போட்டாயிற்று. பல்லில்லாத சிங்கத்தையே சித்தப்பா சரி என்று எடுத்துக்கொண்டார். எழுத்தையும் வாளையும் நாங்களே இன்னொரு ஃப்ளாப்பியில் முடித்துவிட்டோம். நீ இல்லாவிட்டால் மிஷின் ஓடாது என்று நினைத்தாயா?

பெஞ்ச் மாறி உட்காருவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான். பசங்கள் சண்டை. நாம் படிக்கும்போது நடக்கவில்லையா?

சண்முகராஜ்


பழனிசெட்டிபட்டி,
21.6.2025

சண்முகராஜ்,

டம்ளர் இருந்தது. காப்பி ஊற்றியதும் நான்தான். பதினேழு வருஷம் அது கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். நீ எழுதியதைப் படித்ததும் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே பல்லி முட்டை. அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வேலைக்கு வருகிறவருக்கு நாங்கள் குடிக்கும் டம்ளரில் கொடுத்தேன். என் மாமியார் என்னோடு பேசுவதில்லை. உன் மச்சான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நீ காட்டித்தான் என் வீட்டு அசிங்கம் எனக்குத் தெரிந்தது என்பதே கேவலமாக இருக்கிறது.

அதற்காக உன்னுடையது சுத்தமாகிவிடாது.

யார் கூட உட்கார்ந்து அந்த எழுத்தைப் போட்டது என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. யார் என்று எனக்குத் தோன்றுவது பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பவானி


கூடலூர்,
3.7.2025

அக்காவுக்கு,

யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

எழுத்தைப் போட்டது மதன்தான். மவுண்ட் செய்ததும் உருவியதும் அவன். நான் பின்னால் நின்று சித்தப்பா சொன்னதைச் சொன்னேன், அவ்வளவுதான். நீ சொல்லிக்கொடுத்ததை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறான். சித்தப்பா அவன் முதுகில் தட்டி, "இவன்தான்டா நம்ம ஆளு" என்றார். அன்றைக்கு ராத்திரி அவன் சந்தோஷத்தில் தூங்கவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். தலைமை ஆசிரியை மேஜையில் ஒரு ரோஸ் கலர் தண்ணீர் பாட்டில் இருந்தது. பக்கத்தில் மதன் சட்டையிலிருந்து பிய்த்த பேட்ச். மதன் சுவரோரம் நின்றான். இந்தப் பக்கம் சங்கிலியம்மாள், அவள் மகள். அந்தப் பிள்ளையின் பாவாடையெல்லாம் ஈரம்.

முன் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. மத்தியானம் அது கைகழுவப் போன நேரத்தில் மதன் அதன் பாட்டிலைத் திறந்து உள்ளே துப்பி மூடி வைத்திருக்கிறான். கூட இருந்தவன்களையும் துப்பவைத்திருக்கிறான். பிள்ளை வந்து குடித்துவிட்டது. குடித்து முடித்த பிறகு எல்லோருமாகச் சிரித்திருக்கிறார்கள். அங்கேயே வாந்தி எடுத்திருக்கிறது. நிற்கவே இல்லையாம்.

நான் அந்தப் பாட்டிலைப் பார்த்தேன் அக்கா. அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேலே நுரை. அதற்கப்புறம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

டீச்சர் பேட்சைத் தூக்கிக் காட்டி, "இது ஸ்கூல்ல முப்பது, நாப்பது பேர் சட்டையில இருக்கு சார். எங்க தைக்கிறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்கள்.

சங்கிலியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரியல டீச்சர். மதுரைப் பக்கமா இருக்கும்" என்றேன்.

மதனை ஒரு வாரம் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். அடிக்கத்தான் நினைத்தேன். பாதி வழியில் என் தோளில் கையைப் போட்டு, "நல்லாச் சமாளிச்சேப்பா" என்றான்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்டான்.

யூனிட்டுக்கு வந்து அந்த ஃப்ளாப்பியை நானே போட்டேன். மவுண்ட் செய்தேன். நீ கட்டளைகளை எழுதி ஒட்டிய காகிதத்தைத் தேடி எடுத்து, பார்த்துப் பார்த்து அடித்து, வாளையும் எழுத்தையும் அழித்தேன். umount அடித்தேன். busy என்றது. இந்தத் தடவை உருவவில்லை. மதன் திறந்து வைத்துவிட்டுப் போன ஜன்னல் பின்னால் அப்படியே இருந்தது. அதை மூடி, cd அடித்து, மறுபடி அடித்தேன். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அழிந்திருக்கிறது.

முந்நூறு பேட்ச் வெளியே போய்விட்டதே அக்கா. நான் இனி என்ன செய்ய?

சண்முகராஜ்


பழனிசெட்டிபட்டி,
5.7.2025

சண்முகராஜ்,

படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். அந்தப் பிள்ளைக்கு என் மகள் வயசு.

அவன் விரலைப் பிடித்து அந்தக் கட்டளைகளை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு வயசு அப்போது. டிரைவ் சத்தம் கேட்டுச் சிரிப்பான்.

ஃப்ளாப்பியை அழித்ததை எனக்கு எழுதாதே. அது உனக்கு ஆறுதல், வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. என்ன செய்ய என்று கேட்டாய். மதனைக் கூட்டிக்கொண்டு அதே அறைக்குப் போ. எங்கே தைத்தது, யார் தைத்தது, யார் எழுத்தைப் போட்டது, எல்லாவற்றையும் அவன் காதில் விழும்படி டீச்சரிடம் சொல். பிறகு சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போ. அவளைக் கூப்பிட்டு அனுப்பாதே. நீ போ.

சிங்கம் போட்டது நான் என்றும் டீச்சரிடம் சொல். வரச் சொன்னால் வருகிறேன்.

அக்கா


கூடலூர்,
10.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். திங்கட்கிழமை போனேன். மதன் வர மாட்டேன் என்றான். இழுத்துக்கொண்டுதான் போனேன்.

டீச்சரிடம் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். உன் பேரையும் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். செருப்பில் எதையோ மிதித்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல. பிறகு ஒரு தாளைக் கொடுத்து எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். மேலே அனுப்புவார்களாம். வரட்டும்.

மதன் வீட்டுக்கு வந்து, "நீ பேசாம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்லப்பா" என்றான். அத்தோடு சரி. சோறு வைத்தால் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறான். முன்னே அவன் என்னைப் பார்த்த பார்வை போய்விட்டது. திரும்பி வருமா என்று தெரியவில்லை.

ராக்கப்பன் சித்தப்பா ஆள் அனுப்பினார். காட்டிக் கொடுத்தவன் என்று ஊர் முழுக்கச் சொல்கிறாராம். அடுத்த ஆர்டரை வேறு எங்கேயோ கொடுத்துவிட்டார். பென்டிரைவ் போடுகிற புது மிஷினாம். பல் வைத்த சிங்கம் நேற்றே ஒரு பையன் சட்டையில் பார்த்தேன். நன்றாகத்தான் தைத்திருக்கிறார்கள்.

சங்கிலியம்மாள் வீட்டுக்கும் போனேன். ஒன்பது வருஷம் என் யூனிட்டில் வேலை பார்த்தவள், எந்த வீடு என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனையில் நின்று ஒருவரிடம் கேட்டேன். "எதுக்கு?" என்றார். அவளைப் பார்க்கணும் என்றேன். கொஞ்சம் கழித்துக் கையைக் காட்டினார்.

அவள் வெளியே வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் வெயிலில் நின்றே சொன்னேன். டீச்சரிடம் சொன்னதையும் சொன்னேன். என் மகன் செய்ததற்கு, நான் செய்ததற்கு, அன்றைக்கு அந்த அறையில் பேசினதற்கு என்று தனித்தனியாகச் சொன்னேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சரிண்ணே. கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

வேலைக்குத் திரும்பக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டாள். கூலிக்கு திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறாளாம். கையெல்லாம் மருந்துக் கறை.

பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போறா. அதே முன் பெஞ்சுலதான் ஒக்காருறா. எந்திரிக்க மாட்டேன்னுட்டா. பாட்டிலு புதுசு வாங்கிக் குடுத்தேன். அங்கன இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குறா. சாயங்காலம் வந்து செருப்பக்கூடக் கழட்டாம, கொடத்தோட தூக்கிக் குடிக்கிறா."

கும்பிட்டுவிட்டு வந்தேன், அக்கா.

சண்முகராஜ்